ரெண்டு சிம் போனும் பெரிய கொம்பனியும்

அண்ணை வணக்கம்,

நான் கம்பஸில பொருளியல் ரெண்டாம் வருசம். சும்பீற்றர் எண்ட பொருளியல்காரர் சொன்னதெண்டு லெக்சரில படிப்பிச்சவை, பெரிய கொம்பனிக்குத்தான் புதுசாக் கண்டுபிடிக்கிறதுக்குக் காசும் பொறுமையும் இருக்காம். அப்பிடிப் பாத்தா இஞ்ச இலங்கையில போன் கொம்பனியள் அஞ்சு மூண்டானது நல்லதுதானே? அரசாங்கம் சட்டம் கிட்டம் எண்டு கை வைச்சா எல்லாம் படுத்திடும் எண்டு அப்பாவும் சொல்லுறார். நீங்கள் என்ன நினைக்கிறியள்?

கொக்குவிலில இருந்து ஒரு வாசகன்

தம்பி,

பதில் பிந்தினதுக்குக் குறை நினையாதையும். எங்கட வீட்டு லாச்சிக்குள்ள ஒரு பழைய பட்டன் போன் கிடக்கு, பின் மூடி உடைஞ்சு ரப்பர் பாண்ட் போட்டு வைச்சிருக்கிறன், உள்ளுக்க ரெண்டு சிம் போடலாம். அதை ஏன் வாங்கினனான் தெரியுமோ, ஒரே நெற்வேர்க்குக்குள்ள கதைச்சா மலிவு, வெளியில எடுத்தாக் காசு கூட, அப்ப மனிசியோட கதைக்க ஒரு சிம், அவவின்ர தமையன்மாரோட கதைக்க இன்னொண்டு (தமையன்மார் மூண்டு பேர், மூண்டு பேரும் கதைகாரர்). கொம்பனியள் கட்டின மதிலைத் தாண்டத்தான் ஆரோ அந்தப் போனைச் செய்து வித்தவை. மதில் கட்டினவைக்கு அது தேவைப்படேல்ல.

கென்னத் ஆரோ எண்ட பொருளியல்காரர் 1962இல எழுதினதும் இந்த மாதிரித்தான். சந்தை முழுக்கத் தன்ர கையில வைச்சிருக்கிறவன் புதுசு ஒண்டைக் கொண்டுவந்தா தன்ர பழைய லாபத்தைத் தானே திண்டமாதிரி, அவனுக்கு என்ன அவசரம்? அதுக்காகச் சும்பீற்றர் பிழை எண்டும் சொல்ல ஏலாது. இண்டைக்கு மின்னணுச் சாமான் எல்லாத்துக்குள்ளயும் இருக்கிற ரான்சிஸ்ரர் 1947இல பெல் ஆய்வுகூடத்தில வந்தது, அந்தக் கூடத்துக்குச் சோறு போட்டது ஏ.ரி. அன்ட் ரி. எண்ட அமெரிக்க ஏகபோக ரெலிபோன் கொம்பனிதான்.

ஆனா அதே கொம்பனி என்ன செய்தது எண்டும் பாரும். ரெலிபோன் வாய்ப்பக்கத்தில மாட்டுற ஒரு கிண்ணம் வித்தவை, ஹஷ்-எ-போன் எண்டு பேர், பக்கத்தில நிக்கிறவனுக்குக் கதை கேளாது, அவ்வளவுதான், வயரும் இல்லை கரண்டும் இல்லை. அதைக்கூட மாட்டக்கூடாது, எங்கட சேவை பழுதாப்போகும் எண்டு நிண்டுது கொம்பனி. ரெலிபோன் கொம்பனியளை ஒழுங்குபடுத்துற அமெரிக்க ஆணைக்குழுவும் அதுக்கு ஓமெண்டு தலையாட்டினது! 1956இல கோட்டுக்குப் போய்த்தான் அது மாறினது. பிறகு 1968இல வெளியாரின்ர சாமானையும் லைனில பூட்டலாம் எண்டு அந்த ஆணைக்குழுவே தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மற்றக் கொம்பனியளின்ர மொடமும் பக்ஸும் ஆன்சரிங் மெசினும் ஒழுங்கா உள்ளுக்க வரத் தொடங்கினது.

1956 தையில இன்னொண்டும் நடந்தது, அந்தக் கொம்பனியின்ர பழைய கண்டுபிடிப்புக் காப்புரிமை (பேற்றன்ற்) எல்லாத்தையும் கட்டணமில்லாமல் மற்றவைக்குக் குடு எண்டு அமெரிக்க அரசாங்கத்தோட உடன்பாடு. பின்னாளில பொருளியல்காரர் கணக்குப் பாத்தா, அதால மற்றத் துறையளில கண்டுபிடிப்புக் கூடியிருக்கு, ரெலிபோன் துறையில மட்டும் கூடேல்ல, ஏனெண்டா அதுக்குள்ள வேற ஆரும் கால் வைக்கேலாமல் அந்தக் கொம்பனியே நிண்டது. அப்பாவுக்கு இதைச் சொல்லும், அரசாங்கம் கை வைச்சுத்தான் அது நடந்தது.

அப்பா சொல்லுறதிலயும் ஒரு பாதி உண்மை இருக்கு. 2009இல எயார்ரெல் அஞ்சாவது போன் கொம்பனியா இஞ்ச வந்தவுடன விலை தடதடெண்டு விழுந்தது, எங்களுக்குப் புழுகம் தாங்கேல்ல. 2010இல தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதுக்குக் கீழ விக்கக்கூடாது எண்டு அடிவிலை போட்டுது, ஒரே நெற்வேர்க்குக்குள்ள நிமிசத்துக்கு 1.50 ரூபா, வெளியில 2 ரூபா. கொம்பனியள் நட்டப்பட்டா ஆர் சிக்னல் கோபுரம் கட்டுறது எண்டதுதான் நியாயம். நியாயம் இல்லையெண்டு சொல்லமாட்டன், ஆனா கடைசியா வந்தவனிட்ட இருந்த ஒரே ஆயுதம் விலைதான், அதைப் பறிச்சுப்போட்டு ஓடு எண்டா எங்க ஓடுறது? 2018இல எற்றிசலாற் ஹட்ச்சோட சேர்ந்தது, 2024இல எயார்ரெல் டயலொக்கோட. அடிவிலையால மட்டும்தான் எண்டு நான் சொல்லேல்ல, டொலர் விலையும் இருக்கு.

அஞ்சோ மூண்டோ எண்டு எண்ணி நல்லது கெட்டது சொல்ல ஏலாது. 2025இல பொருளியல் நோபல் வாங்கின அகியோன் முந்தி ஆக்களோட சேர்ந்து காட்டினதும் அதுதான், போட்டி ஒண்டும் இல்லாட்டியும் புதுசு குறையும், கழுத்தை நெரிக்கிற போட்டியெண்டாலும் குறையும். நான் பாக்கிறது ரெண்டு கேள்வி. புதுசா ஒருத்தன் உள்ள வரலாமோ? பிடிக்காட்டி நான் வெளியில போகலாமோ? முதலாவதுக்கு வானத்தால ஒருத்தர் வந்திருக்கிறார், ஸ்ரார்லிங்க் எண்ட செய்மதி இன்ரநெற் 2025இல இஞ்ச தொடங்கினது, விலையைப் பாத்தா எங்களுக்கில்லை.

ரெண்டாவதிலதான் எனக்குக் கோபம். 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கைபோன் வந்தவுடன அம்மா எடுத்த நம்பர், லண்டனில இருந்து கனடா வரைக்கும் சொந்தக்காரர் எல்லாரிட்டையும் அதுதான் கிடக்கு, வீட்டுக்குள்ள சிக்னல் இல்லாமல் மாமரத்தடிக்கு ஓடி ஓடிக் கதைச்சவ, கொம்பனியை மாத்துவம் எண்டு நான் சொன்னா "நம்பர் போயிடுமடா" எண்டுவா. நம்பரை வைச்சுக்கொண்டே கொம்பனி மாறுற வசதி இந்தியாவில 2011 தையிலயே நாடு முழுக்க வந்திட்டுது. இஞ்ச அம்மா இன்னும் மாமரத்தடியிலதான் நிக்கிறா.