மஞ்சள் ஆறு: நிறம் வேறு, மாசு வேறு

சீனாவின் ஹுவாங்ஹோவுக்கு 'மஞ்சள் ஆறு' என்ற பெயர் ஆதியிலிருந்தே உண்டா?

இல்லை. பழைய சீன நூல்களில் வெறும் 'ஹோ'தான். முதலில் இந்த ஒரே ஆற்றைக் குறித்த அந்தச் சொல், பிறகுதான் எல்லா ஆறுகளுக்கும் பொதுவானது. ஹான் வம்ச காலத்தில்தான் 'ஹுவாங்' (மஞ்சள்) முன்னால் வந்து சேர்ந்தது.

5,464 கிலோமீட்டரும் மஞ்சளாகவா ஓடுகிறது?

சிங்ஹாய் மாகாணத்தில் குய்த பக்கம் போய்ப் பார்த்தால் பச்சையும் நீலமுமாகத் தெளிந்து ஓடும். நிறம் மாறுவது லோயஸ் பீடபூமியைக் கடக்கும்போதுதான். காற்று கொண்டுவந்து குவித்த மண் அது. விரலால் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி நைந்துவிடும். கோடை மழை அதை அப்படியே ஆற்றில் இறக்கிவிடும். ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டல்! மரம் நட்டு, சரிவுகளைப் படிக்கட்டு வயல்களாக்கி, ஓடைகளில் தடுப்பணை கட்டியதில் இன்று அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இவ்வளவு கலங்கிய நீர் மாசுபட்டதுதானே?

நிறைய பேர் தடுமாறும் இடம் இதுதான். சீனத் தரவிதிப்படி ஆற்று நீரை எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். மண் அடியில் தங்கியதும் மேல்நீரில்தான் சோதனை. கரைந்துள்ள ஆக்சிஜன், அமோனியா நைட்ரஜன், கன உலோகங்கள் ஆகியவற்றைப் பார்த்து ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். முதல் மூன்று வகை நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கலாம், ஐந்தாவது பாசனத்துக்கு. 2007-ல் ஆய்வு செய்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஐந்தாம் வகைக்கும் கீழே கிடந்தது. ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் செய்த வேலை அது, மண் செய்ததல்ல. 2022 அரசுக் கணக்குப்படி பிரதான ஆறு முழுவதும் இரண்டாம் வகையை எட்டிவிட்டது. பெரிய சாதனைதான். ஆனால் அது பிரதான ஆற்றின் கணக்கு. ஷான்ஷியின் நிலக்கரி நகரங்கள் வழியே வரும் ஃபென் போன்ற கிளையாறுகளைத் தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

1997-ல் ஆறே வற்றியதாமே?

கடலுக்கு அருகே லிஜினில் அந்த ஆண்டு 226 நாள் நீரோட்டமே இல்லை. நீர் குறைந்தால் அதே கழிவு இன்னும் அடர்த்தியாகும்; அதனால் அளவையும் தரத்தையும் பிரித்துப் பேசவே கூடாது என்பேன். 1999-ல் மாகாணங்களுக்கு அளந்து பங்கிடத் தொடங்கியபின் ஆறு அறுபடவில்லை.

தெளிவாக இருந்தால் நம்பிக் குடிக்கலாமா?

கூடாது. 2014 ஏப்ரலில் லான்ஜோ நகரக் குழாய் நீரில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை பென்சீன் என்ற நச்சு ரசாயனம் இருந்தது, வரம்பு 10. ஆற்று நீரை எடுத்துச்செல்லும் கால்வாயில், பழைய விபத்துகளில் மண்ணுக்குள் இறங்கிய எண்ணெய்க் கழிவு கசிந்திருந்தது. பென்சீனுக்கு நிறம் கிடையாது. ஆய்வுக்கூடச் சோதனையில்தான் அது பிடிபட்டது.