நாற்பது நிறங்கள்

அன்புள்ள ஐயா,

பாடகி ரிஹானா 2016-இல் ‘ஆன்டி’ ஆல்பத்தை வெளியிட்டதோடு சரி, அப்புறம் ஆல்பமே இல்லை. ஆனாலும் பெரும் பணக்காரர். பாட்டை விட்டுவிட்டு மேக்கப் சாமான் விற்பது கலைக்குத் துரோகம் இல்லையா? பேர் இருந்தால் எதையும் விற்றுவிடலாம், அவ்வளவுதானே? என் மகள் நன்றாகப் பாடுவாள். நிறம்தான் கொஞ்சம் மட்டு. அவளுக்கு இதில் கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா?
கே., திருச்சி

அன்புள்ள கே.,

துரோகப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. பாடுகிறவருக்குப் பாடாமல் இருக்கவும் உரிமை உண்டு. விடுங்கள்.

பேர் இருந்தால் போதும் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 2019-இல் பாரிஸின் எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தோடு சேர்ந்து ‘ஃபென்டி’ என்ற ஆடம்பர உடை நிறுவனத்தை ரிஹானா தொடங்கினார். 2021 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்தார்கள். கொரோனா என்பீர்கள். சரி, அது ஒரு காரணம்தான். ஆனால் அதே கொரோனாவுக்கு நடுவே, அதே குழுமத்தோடு அவர் நடத்திய ஃபென்டி பியூட்டி என்ற மேக்கப் கம்பெனி நிற்கவில்லை. 2021-இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை போட்ட கணக்கில் அவர் சொத்து 170 கோடி டாலர். அதில் சுமார் 140 கோடி அந்த மேக்கப் கம்பெனியில் அவருக்கு இருந்த பாதிப் பங்கின் மதிப்பு. முகத்தைக் காட்டிவிட்டு விளம்பரச் சம்பளத்தோடு போயிருந்தால் இது நடந்திருக்காது.

ஒரே ஆள், ஒரே பேர், ஒரே கூட்டாளி. ஒன்று நின்றது, ஒன்று ஓடியது. ஏன்? விலை உயர்ந்த கோட்டுக்கு யாரும் ஏங்கிக் கிடக்கவில்லை. ஆனால் 2017 செப்டம்பரில் ஃபென்டி பியூட்டி வந்தபோது, முகத்தில் அடிப்பூச்சாகப் பூசும் ஃபவுண்டேஷன் முதல் நாளிலேயே நாற்பது நிறங்களில் இருந்தது. கறுத்த பெண்களுக்கானவை பல கடைகளில் சட்டென்று தீர்ந்துபோயின. அத்தனை காலமும் கையில் காசு வைத்துக்கொண்டு, தங்கள் நிறம் இல்லாமல் கடையிலிருந்து திரும்பிய பெண்கள் அவர்கள்.

என் அக்கா கல்யாணத்தில், கும்பகோணத்தில், ஒரு மேக்கப்காரம்மா வந்தார். பெட்டியைத் திறந்தால் எல்லாம் வெளிர் ரோஸ். முகத்தில் அப்பி முடித்ததும் கழுத்தும் காதும் ஒரு நிறம், முகம் வேறு நிறம். வீடியோ லைட் பட்டதும் அப்படியே சாம்பல் பூத்துவிட்டது. அம்மா முந்தானையால் காதோரம் துடைக்கத் துடைக்கத் திட்டுத் திட்டானதுதான் மிச்சம். “இதுக்கு மேல டார்க்கா கம்பெனிக்காரன் செய்யறதே இல்லீங்க, நான் என்ன பண்ணட்டும்?” என்றார் அந்தம்மா. அவர் சொன்னது பொய்யில்லை. அன்றைக்கு மண்டபத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் அக்கா நிறம்தான். வாங்க ஆள் இல்லாமலா அவன் செய்யவில்லை? எங்களை வாங்குகிற ஆளாகவே அவன் எண்ணவில்லை. பார்படாஸிலிருந்து வந்த ஒரு பெண் எண்ணினார், சம்பாதித்தார்.

நீங்களோ, பாடுகிற மகளைப் பற்றி எழுதும்போது நிறத்தைக் குறையாக எழுதுகிறீர்கள். யார் கேட்டது அதை? அவள் குரல் எப்படி, யாரிடம் கற்கிறாள், ஒரு வரி இல்லையே! கடிதத்தை அவள் பார்த்திருந்தால் முதலில் போய் மன்னிப்புக் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அவள் பாடியதை ஒலிப்பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். பங்கு, ஒப்பந்தம் எல்லாம் அப்புறம் பேசலாம்.