பேரரசரை வாசலில் மறிக்கும் ஆயர்: ரூபன்ஸ் படம் எது, வான் டைக் படம் எது?

மிலான் நகரின் ஆயர் (கிறிஸ்தவ மறைமாவட்டத் தலைவர்) புனித அம்புரோஸ், ரோமப் பேரரசர் தியோடோசியுஸைக் கோயில் வாசலில் மறிக்கும் காட்சியை ரூபன்ஸ், வான் டைக் என்ற இரண்டு பிளெமிஷ் ஓவியர்களும் வரைந்திருக்கிறார்கள். ஒரே காட்சி, இரண்டு ஓவியங்கள்; எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேரரசரின் முகவாயைப் பாருங்கள். தாடி இருந்தால் வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தின் ரூபன்ஸ் படம். மழித்த முகமென்றால் லண்டன் நேஷனல் கேலரியின் வான் டைக் படம். இடது பக்கம் ஈட்டியும் நீள்காம்புக் கோடரியும் நிமிர்ந்து நின்றாலும், பின்னணிக் கட்டடம் தெளிவாகத் தெரிந்தாலும் அது லண்டன் படமே.

அளவைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். நேரிலோ வியன்னா படம் 362 × 246 செ.மீ.; லண்டன் படம் 149 × 113 செ.மீ.தான். பரப்பில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு சிக்கலும் உண்டு: 1615-16 வாக்கில் உருவான வியன்னா படத்திலேயே, ரூபன்ஸ் பட்டறையில் வேலை செய்த வான் டைக்கின் கை இருக்கிறது என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே தூரிகை வீச்சை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள்.

காட்சியைத் தப்பாகப் படிப்பதும் சகஜம். புனித அம்புரோஸின் கை பேரரசர் தியோடோசியுஸை நோக்கி நீள்வதால் ஆசி வழங்குகிறார் என்று எழுதிவிடுகிறார்கள். ஆசி என்றால் கை தலைமேல் இருக்கும், அல்லது விரல்கள் உயர்ந்திருக்கும். இங்கே அது மார்பருகே நின்று தடுக்கிறது. பேரரசரும் மண்டியிடவில்லை, படியேறும் வழியில் குனிந்து நிற்கிறார். மேற்படியில் ஆயர், கீழ்ப்படியில் அரசர்: அதிகாரம் யாரிடம் என்பதை அந்த ஒரு படி உயரமே சொல்லிவிடுகிறது. எனக்கு இந்தப் படத்தின் உயிரே அங்கேதான். அம்புரோஸின் வழக்கமான அடையாளங்களான தேன்கூடும் சாட்டையும் இதில் இல்லை. அவற்றைத் தேடாமல் பொன்னிழை மேலங்கியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மறித்ததன் பின்னணி: கி.பி. 390இல் கிரேக்க நகரமான தெசலோனிக்காவில் பேரரசரின் படைத்தலைவர் ஒருவரை மக்கள் கொன்றார்கள். பேரரசர் தரப்பின் பழிவாங்கலில் 7,000 பேர் மாண்டதாக, அடுத்த நூற்றாண்டில் எழுதிய திருச்சபை வரலாற்றாசிரியர் தியோடோரெட் சொல்கிறார். மிலான் ஆயர் கோயில் வாசலில் மறித்த கதையும் அவர் சொல்வதே. அம்புரோஸின் சொந்தக் கடிதத்தில் வாசல் காட்சி கிடையாது. அவர் பேரரசரை நேரில் சந்திக்காமல் விலகியிருந்து, மனம் வருந்திப் பரிகாரம் செய்யும்படி எழுதினார். இன்றைய மிலான் பேராலயப் படிகளை இந்தப் படத்தோடு ஒப்பிடவும் வேண்டாம். அதன் கட்டுமானம் தொடங்கியதே 1386இல்தான்.