ஆட்ரி லார்ட்: கோஷமா, கவிதையா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

மகளிர் தினத்துக்கு எங்கள் அலுவலகத்தில் ஒட்டிய போஸ்டரில் ஆட்ரி லார்டின் வரி ஒன்று இருந்தது. நம்மை நாமே கவனித்துக்கொள்வது சொகுசு அல்ல என்ற அர்த்தத்தில். கீழே ஓர் அழகு நிலையத்தின் தள்ளுபடிக் கூப்பன்! இணையத்தில் தேடினால், எஜமானின் கருவிகளை வைத்து எஜமானின் வீட்டை இடிக்க முடியாது என்கிற வரிதான் எங்கே பார்த்தாலும். எல்லாம் மேடையில் கைதட்டல் வாங்கும் வரிகள். அமெரிக்கக் கறுப்பினப் பெண், லெஸ்பியன், போராளி என்ற வகையில் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் அவரைப் பெரிய கவிஞர் என்று எழுதியிருந்தீர்கள். கவிதை எங்கே இருக்கிறது?

சுகன்யா

அன்புள்ள சுகன்யா,

முதலில் அந்தக் கூப்பன். லார்டுக்கு 1978இல் மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு மார்பை எடுத்தார்கள். 1984இல் அது கல்லீரலுக்குப் பரவியது தெரிந்தது. அதற்குப் பிறகு எழுதிய நாட்குறிப்புகள் 1988இல் நூலாக வந்தபோது சேர்ந்து வந்த வரி அது. உயிரோடு இருப்பதே அரசியல் போர் என்று வாக்கியம் முடியும். ஃபேஷியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு வரி, 1979இல் நியூயார்க்கில் நடந்த பெண்ணிய மாநாட்டில் சொன்னது. கறுப்பினப் பெண்ணியவாதிகளின் குரலுக்கு அங்கே ஒரே ஓர் அமர்வுதான். பேசிய இரண்டு கறுப்பினப் பெண்களையும் கடைசி நேரத்தில்தான் தேடிப் பிடித்திருந்தார்கள். நீங்கள் இங்கே கோட்பாடு பேசும்போது உங்கள் வீட்டைப் பெருக்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏழைப் பெண்களைப் பற்றி உங்கள் கோட்பாடு என்ன சொல்கிறது என்று அந்தச் சபையிலேயே கேட்டார். கைதட்டலுக்குப் பேசுகிறவர் அழைத்தவர்களிடம் இதைக் கேட்க மாட்டார்.

சரி, கவிதைக்கு வருகிறேன். 1973 ஏப்ரலில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், அதிகாலையில் மாற்றாந்தந்தையோடு நடந்துபோன கிளிஃபோர்ட் குளோவர் என்ற 10 வயதுக் கறுப்பினச் சிறுவனை தாமஸ் ஷே என்ற போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு அவருக்கு விடுதலை. தீர்ப்புச் சொன்ன பொதுமக்கள் குழுவான ஜூரியில் 11 பேர் வெள்ளைக்கார ஆண்கள், ஒருவர் கறுப்பினப் பெண். கார் ஓட்டிக்கொண்டிருந்த லார்ட் தீர்ப்பை ரேடியோவில் கேட்டார். இந்த ஆத்திரத்தோடு ஓட்டினால் எங்காவது மோதிவிடுவோம் என்று வண்டியை ஓரங்கட்டி, நோட்டில் எழுத ஆரம்பித்தார். அதுதான் ‘பவர்’ கவிதை. அந்தக் காலத்தில் அவர் வேலை பார்த்தது ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரியில். அவருடைய மாணவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு.

சுட்டவனைத் திட்டிவிட்டு முடித்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. கவிதை அந்த ஜூரிப் பெண்ணிடம் போய் நிற்கிறது. நாலடி பத்து அங்குல உயரம். என்னை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள் என்கிறாள். நானூறு ஆண்டு வெள்ளை ஆண்களின் அங்கீகாரம் என்கிற தணல்மேல் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள், வாழ்க்கையில் முதல்முறையாகக் கைக்கு வந்த அதிகாரத்தை அவள் விட்டுவிட்டாள் என்று எழுதுகிறார் லார்ட். அவள்மேல் கோபம்தான். ஆனால் அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்ற பயமும் அதில் கேட்கிறது.

கவிதையின் முடிவு இன்னும் பயங்கரம். தனக்குள் இருக்கும் அழிவைப் பயன்படுத்தக் கற்காவிட்டால், தன் அதிகாரமும் அழுகிப்போய், ஒருநாள் 85 வயது வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தியைச் சிதைத்துக் கட்டிலுக்குத் தீ வைப்பேன் என்கிறார். தன்மையில்தான் எழுதுகிறார், ‘நான்’ என்றே. பாவம், யாருக்கும் தீங்கு நினைக்காதவள், என்ன மிருகங்கள் இவர்கள் என்று ஊர் பாடும். இதை எந்த ஊர்வலத்தில் வாசிப்பீர்கள்? எதிராளி கையில் நாமே ஆயுதத்தைக் கொடுப்பது மாதிரி.

எல்லாக் கவிதையும் இந்தத் தரம் இல்லை. சிலவற்றில் பேச்சாளர் கவிஞரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கிறார். உரைநடையில் அந்தக் குறை குறைவு என்பது என் எண்ணம். புற்றுநோயைப் பற்றி எழுதியதில் ஒரு காட்சி. அறுவை சிகிச்சை முடிந்ததும் ஆறுதல் சொல்ல ஒரு தன்னார்வலர் பெண் வருகிறார், எடுத்த மார்புக்குப் பதிலாக உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள வெளிர் இளஞ்சிவப்பில் ஒரு கம்பளிப் பஞ்சோடு. லார்டின் உடம்போ கறுப்பு. பிறகு மருத்துவரைப் பார்க்கப் போனால், இது இல்லாமல் வந்தால் மற்றவர்களின் மனத்தெம்பு கெடும் என்கிறார் நர்ஸ். கண்ணை மறைத்த துணியோடு திரிந்த இஸ்ரேல் தளபதி மோஷே தயானிடம் கண்ணாடிக் கண் வைத்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறார் லார்ட். லார்ட் கடைசிவரை செயற்கை மார்பு வைத்துக்கொள்ளவில்லை. 1992இல் கரீபியத் தீவான செயின்ட் க்ரோயில் இறந்தார், 58 வயதில்.

‘பவர்’ இருப்பது 1978இல் வந்த ‘தி பிளாக் யூனிகார்ன்’ தொகுப்பில். அதன் தொடக்கக் கவிதைகளில் ஆப்பிரிக்க தெய்வங்களின் பெயர்கள் நிறைய வரும். பின்னால் சொற்பட்டியல் உண்டு, ஆனால் முதல் வாசிப்பில் மலைக்க வைக்கும். தாண்டிப் போய் நேராக ‘பவர்’ கவிதையைப் படியுங்கள். ஒத்துப்போகாவிட்டாலும் எழுதுங்கள்.