12 லட்சத்துக்குத் தலைமைத்துவம் வாங்கலாமா?

அம்மா, நீங்களும் மகளும் புதுக்குடியிருப்பிலிருந்து வந்து பேசிப்போனதற்கான பதிலை, பெயர் இல்லாமல் இங்கேயே எழுதுகிறேன். உங்கள் கையில் இருந்த அதே விண்ணப்பப் படிவம் வன்னியில் வேறு சில வீடுகளுக்கும் போயிருக்கிறது.

மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவு. மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே. அவளுக்குச் சபை ஊழியத்தில் விருப்பம். பெரியப்பா திரும்பப் பரீட்சை எடுத்துச் சட்டம் படி என்கிறார். கனடா மாமா வெளிநாட்டு வேதாகமக் கல்லூரி ஒன்றின் 'தரிசனமும் தலைமைத்துவமும்' என்ற ஒரு வருட டிப்ளோமாவுக்கு இடமே பார்த்துவிட்டார். முதல் தவணை 12 லட்சம். பாதி மாமா, மீதி உங்கள் நகையும் காணி உறுதியும். "கடவுள்ட விஷயம் சேர், வேண்டாமெண்டு சொல்லவும் பயமாக்கிடக்கு" என்றீர்கள்.

யோசிக்காதீர்கள், பார்த்துச் செய்யலாம் என்றுதான் அன்று சொல்லி அனுப்பினேன். அந்தப் படிவத்தை ஆறுதலாக வாசித்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. வேண்டாம். காணி உறுதியை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

காரணம் சொல்கிறேன். அந்த டிப்ளோமாவில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று பார்த்தேன்: மேடைப்பேச்சு, குழு உருவாக்கம், சமூக ஊடகம், நிதி திரட்டல், ஐந்தாண்டுத் திட்டம் எழுதுதல். வேதாகமத்துக்கு ஒரே ஒரு பாடம். ஆயிரம் கதிரை போட்ட மண்டபத்தை மனதில் வைத்துச் செய்த பாடத்திட்டம் அது. உங்கள் சபையில் முப்பது குடும்பம் இருக்குமா? அதில் எத்தனை வீட்டை ஒரு பெண் தனியாக நடத்துகிறாள் என்று உங்களுக்கே தெரியும். கிழமைக்கு ஒருநாள் நுண்கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்போது அந்தப் பெண் போதகரிடம் ஓடி வருகிறாள். மகன் காணாமல் ஆக்கப்பட்ட தாய், அவனுக்காகச் செபிப்பதா, நினைவு ஆராதனை வைப்பதா என்று கேட்கிறாள். செத்தவீட்டில் பாதி உறவு சைவம், பாதி வேதம். எந்தச் சடங்கு முதலில் என்று சண்டை. வன்னியில் சபையை நடத்துகிறவருக்கு வாரம் இப்படித்தான் போகும். இதில் எதற்கும் அந்தப் படிவத்தில் ஒரு வரி இல்லை.

இன்னொன்று. வெளிநாட்டில் வாங்கும் டிப்ளோமா யாரையும் குருவாக்காது. மெதடிஸ்த திருச்சபையோ, தென்னிந்தியத் திருச்சபை யாழ் ஆதீனமோ, அங்கிலிக்கன் சபையோ, தாங்கள் தெரிந்தெடுத்துப் பயிற்றியவரைத்தான் அபிஷேகம் செய்கிறார்கள். இந்த டிப்ளோமாவை எந்தத் திருச்சபை ஏற்கும் என்று, படிவம் தந்த முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வராது.

திரும்பச் சோதனை எடுப்பது, ஆசிரியர் கலாசாலை, தாதியர் பயிற்சி, இவற்றை நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் ஒழுங்கையில் எல்லோரும் சொல்லிமுடித்திருப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் உள்ள இலங்கை இறையியல் கல்லூரி.

1963இல் தொடங்கியது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த சபைகள் தனித்தனியாக இழுபடாமல் சேர்ந்து நடத்துவது. போதகர்களை அவர்கள் பேசும் மொழியிலேயே பயிற்ற வேண்டும் என்பதற்காக உண்டானது; சிங்களத்திலும் தமிழிலும் வகுப்பு நடக்கிறது. ஆங்கிலம் போதாது என்று உங்கள் மகள் தயங்கியதற்கு இங்கே இடமில்லை. பட்டம், இறையியல் பட்டங்கள் வழங்கும் இந்தியாவின் செராம்பூர் செனற்றுடையது. வில்லியம் கேரியும் கூட்டாளிகளும் 1818இல் நிறுவி, 1827இல் டென்மார்க் அரசரிடம் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற கல்லூரியின் மரபு அது. மாமாவுக்குப் பெருமை வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்.

படிப்பு இலேசு என்று நினைக்க வேண்டாம். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, இறையியல், அறவியல், மற்றச் சமயங்கள், பிரசங்கம் தயாரித்தல், மனம் உடைந்தவரோடு பேசும் முறை, எல்லாம் உண்டு. பௌத்தத்தையும் சைவத்தையும் ஒழுங்காகப் படித்தவருக்குத்தான் அந்தச் செத்தவீட்டில் யாருடைய மனமும் நோகாமல் பேச வரும். அதைவிடப் பெரிய விஷயம், கூடப் படிக்கிறவர்களில் சிங்களப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே ஆராதனை. புத்தகத்தில் படித்து வராத சிங்களம் அங்கே வாயில் வரும். பொலிசிலோ படைமுகாமிலோ சனத்துக்காக ஒரு வார்த்தை பேசப் போகிறவருக்கு அது எவ்வளவு தேவை என்று வன்னியில் இருக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போக்குவரத்தும் பெரிய பாடில்லை. மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியால் போகும் கண்டி பஸ்ஸைப் பிடித்தால், கண்டியிலிருந்து கொழும்பு வீதியால் கொஞ்சத் தூரம்.

அங்கே நேரே போய்ப் பணம் கட்டிச் சேர்கிற வழியல்ல குருத்துவம். முதலில் சொந்தச் சபை அவளைத் தெரிந்தெடுக்க வேண்டும். நீங்கள் மெதடிஸ்த சபை என்றபடியால், உங்கள் சேகரத்துக்கு (சபை வட்டாரத்துக்கு) பொறுப்பான முகாமைக்குருவிடம் பேசுவதில் தொடங்குங்கள். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கிக்கப் பழக்குவார்கள், கேள்வி கேட்பார்கள், நேர்முகம் வைப்பார்கள், வேண்டாம் என்றும் சொல்லலாம். பெண்பிள்ளை என்று பெரியப்பா இழுத்தாரே, இலங்கை மெதடிஸ்த திருச்சபையில் பெண்கள் குருவாகப் பணியாற்றுகிறார்கள். அந்தக் கேள்வி முடிந்த கேள்வி. சபை ஏற்றுக்கொண்டால் படிப்புச் செலவில் தன் பங்கு எவ்வளவு என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். நகை அடகு வைத்து ஊழியத்துக்குப் போகிற பிள்ளை, கடன் அடைக்கிற வரைக்கும் யாருக்கும் உண்மை பேச முடியாத போதகராகத்தான் இருக்கும்.

உங்களுக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். மெதடிஸ்த குருவுக்கு நிலையான ஊர் இல்லை. சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றம். மட்டக்களப்பாகவும் இருக்கலாம், மலையகமாகவும் இருக்கலாம். மாதம் கிடைக்கும் படிக்காசு குறைவு. கலியாணம் பேசும்போது சில வீடுகள் பின்வாங்கும். இவற்றை மறைத்து மகளை அனுப்பினால், இரண்டாம் வருடத்தில் நீங்களே திரும்பக் கூப்பிடுவீர்கள்.

தலைமைக்கு வெளிநாடு வேண்டும் என்று மாமா அடம்பிடித்தால், டி. டி. நைல்ஸின் பெயரைச் சொல்லுங்கள். 1908இல் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர், மெதடிஸ்த குரு. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் பேரவையில் பிரசங்கித்தவர். பெங்களூரில் இறையியல் படித்து, வட இலங்கையில் சுவிசேஷகராக வேலை செய்த பிறகுதான் உலகம் அவரைக் கூப்பிட்டது.

மகளிடம் நீங்கள் வெளியே நின்றபோது சில கேள்விகள் கேட்டேன். வெளிநாடு போக விருப்பமா என்றேன். முதலில் கதவைப் பார்த்தாள், பிறகு இல்லை என்றாள். என்ன வேலை செய்தால் நேரம் போவது தெரியாது என்று கேட்டதற்கு, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கதை ஆயத்தப்படுத்துவதும், பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரதேச செயலகக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் என்றாள். மேடை பற்றி ஒரு சொல் இல்லை. சட்டம் பற்றியும் இல்லை. இது அவளுடைய வாழ்க்கை, பெரியப்பாவின் மனக்குறை தீர்க்கிற இடமல்ல.

சபை வேண்டாம் என்றாலும் அந்தக் கடிதம் எழுதும் கை வீணாகாது. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணிப் படிப்பு உண்டு; அதை அப்புறம் பேசலாம். மாமாவின் ஆறு லட்சத்தையும் தட்டிவிட வேண்டாம். சிங்கள வகுப்புக் காசும், கண்டிக்குப் போய்வரும் செலவும், புத்தகங்களும் தருவாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால், அவர் பார்த்தது படிப்பையா விசாவையா என்பது தெரிந்துவிடும்.

முகாமைக்குருவைச் சந்திக்கும்போது நீங்கள் கூடப் போங்கள், பேசுவது மகளாக இருக்கட்டும். பெரியப்பாவை அன்றைக்கு மட்டும் வயலுக்கு அனுப்பிவிடுங்கள்.