த்ராட்டில் பாடி அரிச்சிருக்கா? போரிங் போடச் சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கொட்டிவாக்கத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "அப்பாவோட 1972 மாடல் அம்பாசிடர், மார்க் 2. பல வருஷமா ஷெட்லயே நின்னுச்சு, 2023 டிசம்பர் புயல் மழைல தண்ணியும் ஏறிடுச்சு. எஸ்.யு. கார்புரேட்டரை கழட்டிப் பார்த்தா த்ராட்டில் பாடி உள்ள வெள்ளைப் பொடி, அங்கங்க குழி. துடைச்சு மாட்டினதும் ஸ்டார்ட் ஆச்சு, ஆனா ஐடில் நிக்கவே இல்ல, ஏறுது இறங்குது. ஒருத்தர் போரிங் பண்ணி ஸ்லீவ் அடிக்க 18,000 கேக்குறார். இன்னொருத்தர், புதுப்பேட்டைல இங்கிலாந்து ஒரிஜினல் செட் இருக்கு, 35,000, பாதி அட்வான்ஸ் குடுங்க, பழசையும் குடுத்துடணும்ங்கிறார். பாடி போயிடுச்சா? அடுத்த மாசம் ஆர்.சி. வேலை வேற இருக்கு, மெஷினிங் பண்ணா ஆர்டிஓல எதாச்சும் சொல்வாங்களா?"

சார், பாடி போகல. (புதுசா படிக்கறவங்களுக்கு: காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு விடறது கார்புரேட்டர், எஸ்.யு.ங்கிறது அதுல ஒரு வகை. த்ராட்டில் பாடி அதோட உலோகக் கூடு. ஐடில்னா ஆக்ஸிலரேட்டர்ல கால் வைக்காதப்போ இன்ஜின் ஓடறது. போரிங் பண்ணி ஸ்லீவ் அடிக்கறதுன்னா உள் ஓட்டையைக் கடைஞ்சு பெருசாக்கி அதுல ஒரு குழாயை இறக்கறது.) நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா முக்காவாசி உங்க பிரச்சனை அந்தக் குழியே இல்ல, பட்டர்ஃப்ளை (காத்தைத் திறந்து மூடற தகடு) மாட்டியிருக்கற ஸ்பிண்டில்தான், அதாவது அந்தத் தகடு சுத்தற கம்பி. முதல்ல அந்த 35,000 ஆளுக்கு அட்வான்ஸ் எதுவும் குடுக்காதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

குழியையும் ஸ்பிண்டிலையும் ஏன் பிரிச்சுப் பாக்கணும்னா, ரெண்டு வழியா வர்ற காத்து ஒண்ணு இல்ல. எஸ்.யு.ல ஐடிலுக்குன்னு தனி வழி கிடையாது, கார்புரேட்டருக்குள்ளயே இருக்கற பிஸ்டனுக்கு (இன்ஜின் பிஸ்டன் இல்ல) அடியில ஜெட், அதாவது பெட்ரோல் வர்ற துளை, இருக்கற இடத்தைத் தாண்டி வந்த காத்துதான் பட்டர்ஃப்ளை ஓரமா உள்ள போகும். பட்டர்ஃப்ளை உக்கார்ற இடத்துல ஒரு குழி இருந்தா அது வழியா போற காத்தும் ஜெட்டைத் தாண்டி பெட்ரோலை இழுத்துட்டு வந்த காத்துதான், அதனால பட்டர்ஃப்ளை இன்னும் கொஞ்சம் திறந்திருக்கற மாதிரி கணக்கு, ஐடில் ஸ்க்ரூவை கொஞ்சம் லூஸ் பண்ணா சரியாப் போயிடும். ஸ்பிண்டில் ஓட்டை வழியா வர்ற காத்து அப்படி இல்ல, அது ஜெட்டைப் பாக்காம வெளிய இருந்து நேரா உள்ள வருது, பெட்ரோல் இல்லாத வெறும் காத்து. அதுவும் ஸ்பிண்டில் ஆட ஆட கூடும் குறையும். அதான் உங்க வண்டி ஏறுது இறங்குது. இந்த நிலைமைல 18,000 குடுத்து போரிங் போட்டாலும் அதே ஆட்டம்தான் ஆடும், ஏன்னா காத்து வர்ற ஓட்டையை யாரும் தொடவே இல்லையே.

வீட்லயே பாத்துக்கலாம். பாடியை கைல புடிச்சு ஸ்பிண்டில் முனையை மேலயும் கீழயும் ஆட்டுங்க. புதுசுல ஆட்டமே தெரியாது, விரல்ல கடக்குனு தட்டினா தேஞ்சிருக்குன்னு அர்த்தம். வண்டில மாட்டியிருந்தா ஐடில்ல விட்டுட்டு ஸ்பிண்டில் ரெண்டு பக்கமும் கெட்டியா கிரீஸை அப்புங்க, கொஞ்ச நேரத்துக்கு ஐடில் மாறிச்சுன்னா அங்கதான் ஏர் இழுக்குது. இதுக்கு கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சுப் பாப்பாங்க நிறைய பேர், சூடான சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்துலயே இருக்கு, தீ புடிக்கும், வேண்டாம்.

குழிக்கு டியூப் லைட் போதும். பட்டர்ஃப்ளையை முழுசா மூடி பாடியை லைட்டுக்கு எதிர்ல புடிங்க, சுத்தி கறுப்புத் துணி போட்டா இன்னும் நல்லாத் தெரியும். ஓரமா முடி அளவு வெளிச்சம் சுத்தி ஒரே மாதிரி தெரிஞ்சா கவலையே இல்ல. ஒரு இடத்துல மட்டும் பிறை மாதிரி வெளிச்சம் வந்தா அங்க குழி ஆழம், இல்லன்னா பட்டர்ஃப்ளை கோணலா உக்காந்திருக்கு. கடைசி முடிவு வண்டிலதான்: ஸ்பிண்டில் சரி பண்ணதுக்கு அப்புறமும் ஐடில் ஸ்க்ரூ, சோக் ஃபாஸ்ட் ஐடில் ஸ்க்ரூ ரெண்டையும் முழுசா லூஸ் பண்ணி, கேபிளும் இழுக்காம இருக்கும்போது இன்ஜின் 900, 1000 ஆர்.பி.எம்.க்கு கீழ வர மாட்டேங்குதுன்னாதான் போரை (பாடியோட உள் ஓட்டையை) தொடணும், அதுக்கு முன்னாடி தொடக்கூடாது.

குழி ஏன் சரியா பட்டர்ஃப்ளை உக்கார்ற கோட்டுலயே வந்திருக்குன்னு உங்களுக்குத் தோணியிருக்கும். பாடி அலுமினியம், பட்டர்ஃப்ளை பித்தளை, நடுவுல உப்புத் தண்ணி. ரெண்டு வேற உலோகம் ஈரத்துல தொட்டுக்கிட்டு இருந்தா அலுமினியம்தான் அரிபடும், கடலோரத்துல நிக்கற வண்டில இது சாதாரணம். நிறுத்திப் போடறப்போ பட்டர்ஃப்ளை மூடியே இருக்குமில்ல, அதான் அந்த இடத்துல வளையம் வளையமா வருது.

சுத்தம் பண்றதுல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. மண்ணெண்ணெய், நைலான் பிரஷ், அப்புறம் சோப்புத் தண்ணி, நல்லா காய வைக்கணும், அவ்வளவுதான். சில இடத்துல ஆசிட் வாஷ்ங்கிற பேர்ல பாத்ரூம் ஆசிட்ல முக்குவாங்க, சில இடத்துல காஸ்டிக் சோடால கொதிக்க வைப்பாங்க, ரெண்டும் அலுமினியத்தை திங்கும், பளபளன்னு வெளிய வரும், ஆனா நேத்து இருந்த அளவு இன்னிக்கு இருக்காது. சேண்ட் பிளாஸ்டிங்கும் கூடாது, மணல் ஓட்டைக்குள்ள போய் உக்காந்துக்கும், பின்னாடி இன்ஜினுக்குள்ள போகும். மேல இருக்கற டோம், அதுக்குள்ள போற பிஸ்டன், இது ரெண்டும் ஜோடியா அளவு பார்த்து செஞ்சது, அதுல எம்ரி பேப்பரே (உப்புத்தாள்) படக்கூடாது, துணில துடைச்சா போதும். குழியில எம்-சீல் அப்பறதை இன்னிக்கும் பாக்குறேன், அது பெட்ரோல்ல ஊறி உதிர்ந்து எங்க போகும்னு யோசிச்சே பாக்க மாட்டாங்களா?

இப்ப ஸ்பிண்டில் வேலை. முதல்ல புது ஸ்பிண்டில் போட்டுப் பாருங்க, நிறைய வண்டில பாடியைவிட ஸ்பிண்டில்தான் அதிகமா தேஞ்சிருக்கும், மாத்தினாலே ஆட்டம் பாதி போயிடும். இங்கிலாந்துல சாலிஸ்பரில எஸ்.யு. பார்ட்ஸ் இன்னிக்கும் புதுசா செய்யறாங்க, ஸ்பிண்டில், பட்டர்ஃப்ளை, ஸ்க்ரூ எல்லாம் கிடைக்கும். ஒரு சின்ன கம்பியை வரவழைக்க கூரியர், கஸ்டம்ஸ்னு பார்ட் விலைக்கு மேலயே ஆகும், அதுக்கு வழி இல்ல. புது ஸ்பிண்டிலுக்கு அப்புறமும் ஆடினாதான் புஷ், அதாவது தேஞ்ச ஓட்டைக்குள்ள அடிக்கற சின்னக் குழாய்.

புஷ் போடறது ஒரு நல்ல டர்னருக்கு அரை நாள் வேலை, ஆனா கை டிரில்லுல ஓட்டையைப் பெருசாக்கறவர்கிட்ட குடுத்துட்டா பாடி அன்னிக்கே காலி. ரெண்டு பக்க ஓட்டையும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், அதனால பாடியை மெஷின்ல கட்டி, தேயாத பகுதியை வச்சு டயல்ல சென்டர் எடுத்து, ஓட்டையைப் பெருசாக்கி கன்மெட்டல் புஷ்ஷோ பாஸ்பர் பிரான்ஸோ அடிச்சு, கடைசியா ஒரே ரீமரை (ஓட்டையை சரியான அளவுக்கு சீவற கருவி) இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வரைக்கும் ஓட்டணும். தனித்தனியா ரீமர் பண்ணா ஸ்பிண்டில் இறுகும், அப்புறம் அதை இளக்கணும்னு திரும்பவும் ஓட்டையைப் பெருசாக்குவாங்க, போட்ட காசு வீண். புஷ் சுவர் 1 மி.மீ. கிட்ட இருந்தா போதும், அதைவிட தடியா போட்டா வெளிப்பக்க அலுமினியம் மெலிஞ்சு அடிக்கும்போதே கீறல் விடும். புஷ்ஷோட உள்முனை போருக்குள்ள துளிகூட நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாது, விரலை விட்டுத் தடவிப் பாருங்க, தட்டுச்சுன்னா திருப்பிக் குடுங்க.

பட்டர்ஃப்ளையை கழட்டறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் வெளியன்னு மார்க்கர்ல போட்டுக்குங்க. அது முழு வட்டம் கிடையாது. கொஞ்சம் சாய்வாத்தான் மூடும், அதனால ஒரு பக்கம் லேசா நீளம், ஓரமும் சாய்வா சீவியிருக்கும். லேத்ல பித்தளைத் தகட்டை வட்டமா வெட்டிக் குடுத்தா பாக்க அழகா இருக்கும், மூடாது. திருப்பி மாட்டும்போது ரெண்டு ஸ்க்ரூவையும் லூசா விட்டு, பட்டர்ஃப்ளையை சட்டுனு சில தடவை மூடி விடுங்க, அதுவே தன் இடத்தைத் தேடி உக்காந்துக்கும், அப்படியே மூடினபடி வச்சு டைட் பண்ணி திரும்ப லைட்ல பாருங்க. அந்த ஸ்க்ரூ முனை பிளந்திருக்கும், டைட் பண்ணதும் அந்தப் பிளவை விரிச்சு விடணும், விரிக்காம விட்டா ஒரு நாள் கழண்டு நேரா வால்வு வழியா சிலிண்டருக்குள்ள போகும். பழைய ஸ்க்ரூவை திரும்பப் போடவே போடாதீங்க, ஒரு தடவை விரிச்சு நெளிச்சதை மறுபடி விரிச்சா முனை உடைஞ்சிடும்.

பாடி மேனிஃபோல்டுல ஒட்டற தட்டையான பக்கத்தையும் (ஃபேஸ்) பாருங்க. ஓவரா டைட் பண்ணி வளைஞ்சிருக்கும். கனமான கண்ணாடி மேல எம்ரி பேப்பரை ஒட்டி, அதுமேல பாடியை எட்டு போட்ட மாதிரி தேச்சா வீட்லயே சமமாயிடும், மெஷினிங்கே வேண்டாம்.

இங்க ஒண்ணு அழுத்திச் சொல்லணும், பத்மினி, ஹெரால்டு கார் வச்சிருக்கவங்க இதைப் படிச்சுட்டு குழி இருந்தா பரவாயில்லன்னு சொல்லிட்டாரேன்னு போயிடாதீங்க. அதுல வர்றது சோலெக்ஸ் கார்புரேட்டர், அதுக்கு நான் மேல சொன்னது பொருந்தாது. சோலெக்ஸ்ல ஐடிலுக்குத் தனி வழி இருக்கு, பட்டர்ஃப்ளை ஓரத்துக்கு நேரா போர் சுவத்துல பொடிப் பொடியா ஓட்டை இருக்கும், பட்டர்ஃப்ளை மெல்லத் திறக்கும்போது அந்த ஓட்டை ஒவ்வொண்ணா திறந்து பெட்ரோல் விடணும். அந்த இடத்துல குழி விழுந்தா மூடியிருக்கும்போதே பெட்ரோலை இழுக்கும், காலை வச்சா ஒரு நிமிஷம் திணறும். அங்க போரிங் போட்டு பெரிய பட்டர்ஃப்ளை மாட்டினா ஓரம் வேற இடத்துக்குப் போயிடும், ஓட்டைக்கும் ஓரத்துக்கும் கணக்கே இருக்காது. ஸ்லீவ் அடிச்சா அந்த ஓட்டையே மூடிப் போகும், திரும்ப அதே இடத்துல அதே அளவுல போடறேன்னு யாராவது சொன்னா எந்த அளவுனு கேளுங்க, பதில் வராது. அது மட்டுமில்ல, சோலெக்ஸ்ல பெரும்பாலும் துத்தநாகக் கலவை, அலுமினியம் இல்ல. உள்ளுக்குள்ளயே அரிச்சு உப்பி, மேல மெல்லிசா வெடிப்பு தெரிஞ்சா அதுல எந்த மெஷினிங்கும் நிக்காது, வெல்டிங் வச்சா உருகி ஓடிடும். தகுந்த பாடி தேடறதுதான் வழி. வெடிப்பு இல்லாம ஸ்பிண்டில் மட்டும் ஆடினா சோலெக்ஸுக்கும் புஷ் போடலாம், தாராளமா.

இப்ப அந்த 35,000. பழசைக் குடுத்துடணும்னு ஏன் கேக்குறாங்க? உங்க பாடி நல்ல பாடி, அதுக்கு புஷ் போட்டு, பளபளன்னு பாலிஷ் அடிச்சு, அடுத்த ஆளுக்கு இங்கிலாந்து ஒரிஜினல்னு விப்பாங்க. உங்களுக்கு வர்றது அதே மாதிரி வேற யாரோ குடுத்தது. புதுப்பேட்டைல நேர்மையா வியாபாரம் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க, பழசுன்னா பழசுன்னு சொல்லியே விப்பாங்க, நான் சொல்றது கடையே இல்லாம போன்ல போட்டோ மட்டும் காட்டி நடுவுல நிக்கற ஆளுங்களை. லேத்துக்கு வாங்கிட்டுப் போறேன்னு அவங்க கைல குடுத்தா மாத்திடவும் செய்வாங்க, நாலஞ்சு பேர் வந்து என்கிட்ட அழுதிருக்காங்க. பாடி அடியில கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு பஞ்ச் புள்ளி வச்சு போட்டோ எடுத்துட்டு, நீங்களே லேத்துக்கு எடுத்துட்டுப் போங்க.

லேத் புடிக்கறதுதான் கஷ்டம், ஒத்துக்கறேன். அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பூரா மெஷின் இருக்கு, ஒரு பீஸ்னு சொன்னா நிமிந்துகூட பாக்க மாட்டாங்க, ஆயிரம் பீஸ் கொண்டு வாங்கம்பாங்க. கைல வேலை தெரிஞ்ச டர்னருக்கெல்லாம் வயசாயிடுச்சு, ஒவ்வொரு ஷெட்டா மூடறாங்க, புதுசா வர்ற பசங்களுக்கு ஒத்தை பீஸை சென்டர் எடுத்துக் கட்டறதை யாரும் சொல்லித் தர்றதில்ல. இவ்வளவு மோட்டார் கம்பெனி இருக்கற ஊர்ல ஒரு புஷ் போட அலைய வேண்டியிருக்கு. பெரிய யூனிட்டை விடுங்க, பைக் இன்ஜின் ஹெட் வேலை, வால்வு கைடு மாத்தற வேலை செய்யற சின்ன ஷெட்டா பாருங்க. வால்வு கைடு ரீமர் பண்றவருக்கு இந்த வேலை கைவந்தது.

ஆர்.சி. விஷயம். தேஞ்ச இடத்துல புஷ் போடறது ரிப்பேர், இன்ஜினை மாத்தினதா ஆகாது, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் அப்படியேதான் இருக்கு, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா உங்க வண்டிக்கு 50 வருஷம் தாண்டிடுச்சு, அதனால ஆர்டிஓ வாசல்ல நிக்கற ஏஜென்ட் விண்டேஜ்ல போட்டுடலாம் சார்ம்பார். 2021ல வந்த விண்டேஜ் விதிப்படி புது ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 20,000, ரின்யூவலுக்கு 5,000, அதைவிட முக்கியம், அப்படிப் போட்ட வண்டியை தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, சர்வீஸ் மாதிரி தேவைக்குத்தான் எடுக்கலாம். அப்பா வண்டியை கோயிலுக்கும் கடைக்கும் ஓட்டணும்னு ஆசைப்பட்டா சாதாரண ரின்யூவலே கேளுங்க. ஏஜென்ட் இதை சொல்லவே மாட்டார்.

கடைசியா பெட்ரோல். பங்க்ல இப்ப இ20தான் (20 சதவீதம் எத்தனால் கலந்தது), பழைய வண்டிக்காரங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், வண்டி மாசக்கணக்குல நின்னா தண்ணி பிரிஞ்சு ஃப்ளோட் சேம்பர் (கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்கற கிண்ணம்) அடியில தங்கி திரும்ப இதே வெள்ளைப் பொடி வரும். பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் தாங்கற ஹோஸா மாத்திடுங்க, அந்தக் கிண்ணத்துக்கு பெட்ரோல் வர்றதை அடைக்கற ஊசி, ஃப்ளோட் நீடில், அதையும் விட்டான் (பெட்ரோல் தாங்கற ரப்பர்) முனை வச்சதா போடுங்க. பத்து பதினஞ்சு நாள் எடுக்க மாட்டீங்கன்னா பெட்ரோல் பம்ப் லைனை கழட்டி முனையை அடைச்சுட்டு, ஃப்ளோட் சேம்பர்ல இருக்கறது தீர்ந்து தானா நிக்கற வரைக்கும் வண்டியை ஓட விடுங்க. அடியில மிச்சம் தங்கறதை மூடியைக் கழட்டி துணியால ஒத்தி எடுத்துடுங்க.