பெரியவர்களின் இதய மாத்திரையைக் குறைத்துக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

இதயச் செயலிழப்புள்ள, அதாவது இதயம் போதிய ரத்தத்தை இறைக்க முடியாத பேரனுக்கு ஐயாவின் மாத்திரையையே பாதியாக்கிக் கொடுக்கலாமா என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

பெரியவர்களுக்கு இதயம் தளர்வது பெரும்பாலும் மாரடைப்பு, ரத்த அழுத்தத்தால். குழந்தைகளுக்கோ பிறவிக் குறை, இதயத் தசை நோய். பெரியவர்களின் ஆயுளை நீட்டிய கார்வெடிலால் என்ற இதய மாத்திரையை 161 பிள்ளைகளிடம் சோதித்து 2007இல் முடிவு வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடத் தெளிவான நன்மை தெரியவில்லை. ஆனாலும் சில பிள்ளைகளுக்கு மருத்துவரே அதை எழுதுவார், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

என் அக்கா மகள், காற்றோட்டமான வளவில் வைத்துப் பால் கொடுத்தாலும், நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்ப்பாள். நாலு வாய் குடித்ததும் மூச்சு வாங்கும். புழுக்கம் என்று அப்பத்தா விசிறிக்கொண்டே இருந்தார். இதயம் திணறியதன் அறிகுறி அது. பேரனிடம் இதைப் பார்த்தால் அன்றைக்கே குழந்தை இதய மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மருந்தும் அறுவை சிகிச்சையும் கைகொடுக்காதபோதுதான் மாற்று இதயம். உடல் அளவுக்கும் பொருந்த வேண்டுமென்பதால், சின்னக் குழந்தைக்குக் கிடைப்பது அரிது.